ஆறாவது தொப்பி

அத்தியாயம் ஆறு

மணிவேல் மாடிப்படி ஏறும்போதே குறையோடுதான் ஏறினார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிள்ளையார் படத்துக்கு ஒரு முழம் பூ கிடைக்கவில்லை. போளூர் பஸ் நிலையத்துப் பூக்கடையில் கட்டி வைத்திருந்த மாலை அத்தனையும் விடிந்ததுமே ஜவ்வாது மலைக்கு ஏறிவிட்டதாம். மேலே யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார், பெரிய காரியம் என்று பூக்காரம்மா சொன்னாளாம்.

"பிள்ளையாருக்குப் பூ இல்ல, நமக்குக் கேஸ் இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துனு உக்காரலாம் மேடம்."

"மூணு பேரு அண்ணே. பிள்ளையாரையும் சேத்துக்குங்க" என்றாள் தேவயானி.

உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. மணிவேல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவளுடைய பழைய காரை ஓட்டுகிறார், வாயையும் ஓட்டுகிறார். அவளைவிட மூத்தவர்தான். ஆனாலும் அவள் 'அண்ணே' என்பாள், அவர் 'மேடம்' என்பார். அந்த 'மேடத்தில்' மரியாதை பாதி, கேலி பாதி.

பிள்ளையார் கண் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். படியில் தடதடவென்று ஓடி வந்த பெண் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. பெயர் நதியா என்றாள், வேலூரில் சுற்றுலா நடத்துகிறேன் என்றாள், இந்த ஊர் ஓட்டலில் என் ஆள் ஒருத்தர் மாறிப் போய்ட்டார் என்றாள்.

"காணாமப் போனாரா, மாறிப் போனாரா?" என்று கேட்டாள் தேவயானி.

"ரெண்டும்தாங்க்கா."

தண்ணீர் குடிக்க வைத்த பிறகு விஷயம் வரிசையாக வந்தது. மும்பையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் ஒன்று நேற்று விடியற்காலை சென்னைத் துறைமுகத்தில் நின்றது. கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே திண்டாட்டம். துறைமுகத்து வாசலைத் தாண்டினால் லாரி, அதைத் தாண்டினால் ஆட்டோ, பார்க்க வேண்டிய பழைய இடங்களெல்லாம் எங்கேயோ தூரத்தில். நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன், முதல் நாள் வேலூர்க் கோட்டை, மறுநாள் படவேடு கோயில்கள் என்று கப்பல் ஏஜென்டிடம் நதியா மாதக்கணக்கில் நடையாய் நடந்திருந்தாள். கடைசியில் அவர் ஒரு வேன் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். ஆறு பேர். இன்று இரவு எட்டு மணிக்குள் ஆறு பேரும் துறைமுக வாசலுக்குள் நுழைந்துவிட்டால் இந்த சீசன் முழுக்க அவளுக்கு. ஒருத்தர் குறைந்தாலும் இதுவே முதலும் கடைசியும். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

"ஆறு பேருக்கும் கப்பல்ல நீலத் தொப்பி குடுத்திருக்காங்க. எங்க டிரைவர் சுரேஷ் ஒவ்வொரு தடவையும் எண்ணிட்டுத்தான் வண்டி எடுப்பான். வேலூர் லாட்ஜ்ல காலையில எண்ணினான், ஆறு. படவேட்டுல எண்ணினான், ஆறு. இப்ப சாப்பிட உக்காந்தாங்க. ஆறாவது ஆளு தொப்பியக் கழட்டினாரு. பாத்தா வேற ஆளு."

மணிவேல் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டே, "இருவத்தெட்டு வருஷம் நான் தலைய எண்ணினேன். உன் டிரைவர் தொப்பிய எண்றான். அவன் கண்டக்டர் வேலைக்கு வந்திருந்தா பஸ்ஸு நெறைய துணிப் பையாதான் டிப்போ போய்ச் சேந்திருக்கும்" என்றார்.

*

ஓட்டலில் பிரியாணி வாசனை கதவு வரைக்கும் வந்து வரவேற்றது. மணிவேலின் நடை தானாகவே வேகம் பிடித்தது.

நீலத் தொப்பிக்காரர்கள் ஐந்து பேர் ஒரு நீள மேசையில் இருந்தார்கள். ஆறாவது ஆள் கடைசியில். நாற்பது வயது, ஒல்லி, கறுத்த முகம், மேலே யாருடையதோ நல்ல சட்டை, காலில் செருப்பு இல்லை. தொப்பியை மடியில் வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் பெயர் முனியன் என்று சொன்னான். அதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"யாரு சொன்னது?" என்று கேட்டாள் தேவயானி.

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான் போலிருந்தது. காணாமல் போனவர் பெயர் ரங்கசாமி, எழுபது வயது, மும்பையில் குடியேறிப் பல வருடமான போளூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய மனைவி ஜெயம்மாள் முனியனுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவன் பக்கத்தில்தான் பயணம் செய்திருக்கிறாள். வழியில் நதியா எட்டிப் பார்த்தபோதெல்லாம், அவருக்கு ஜலதோஷம், தூங்கட்டும், எழுப்பாதே என்று சொன்னவளும் அவள்தான். போலீசுக்குப் போகலாமா என்று நதியா கேட்டதற்கு, வருவார், அவசரப்படாதே என்றாளாம்.

"வூட்டுக்காரர் மாதிரி இல்லியேன்னு உங்களுக்குத் தோணலியாம்மா?" என்று தேவயானி மெதுவாகக் கேட்டாள்.

ஜெயம்மாள் சிரிக்காமல் பதில் சொன்னாள். "நாப்பத்தஞ்சு வருஷமா நான் ஜன்னல் பக்கம் பாத்துத்தாம்மா போய்னு இருக்கேன். இந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்காங்கன்னு திரும்பிப் பாத்து எனக்குப் பழக்கமில்ல."

தேவயானி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, பெரியவருக்கு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டாள். சர்க்கரைக்கு உண்டு என்று கைப்பையிலிருந்து டப்பா ஒன்று வந்தது. காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த டப்பா. தேவயானி அதைத் திறந்து பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்றைய மதிய அறை காலி என்பதை மணிவேலும் பார்த்தார். மதியம் இன்னும் ஆகவில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை; பிரியாணித் தட்டுகள் வந்துகொண்டிருந்தன.

முனியனுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அவன் இரண்டு கையையும் தட்டுக்கு மேல் விரித்து மறித்தான். வேண்டாமாம்.

அந்தக் கைகளைத்தான் தேவயானி பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பச்சைக் கறை. சட்டைப் பையில் உடைந்த ஈர்க்குச்சிகள் நாலைந்து, பேனா வைக்கிற இடத்தில்.

அவள் எழுந்து நதியாவை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னாள். நதியாவின் முகம் போன போக்கைப் பார்த்தால் நல்ல செய்தியாகத் தெரியவில்லை. அடுத்த நிமிடம் தேவயானி மேசைக்கு வந்து, வைத்த தட்டை எல்லாம் எடுத்துவிடுங்கள், யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டாள்.

மணிவேலின் கை பிரியாணிக்கு அரை அடி தூரத்தில் நின்றது. "விஷமா மேடம்?"

"இல்லண்ணே. கெளம்பலாம்."

"விஷம் இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு?"

அவள் முனியனைக் கூட்டிக்கொண்டு கார் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மணிவேல் பிரியாணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனார், கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிற பெண்ணைப் போல.

*

அத்திமூரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மணிவேல் வாயைத் திறந்தார். திக்குத் தெரியாமல் டிக்கெட் கிழிக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்றும், போகிற இடத்தை மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார். பின் சீட்டிலிருந்த தேவயானி, முன் சீட்டில் இருந்த முனியன் காதில் விழும்படியே சொன்னாள்.

"இலவசமா வந்த பிரியாணிய ஒருத்தன் வேணாம்னா, ஒண்ணு டாக்டர் சொல்லியிருக்கணும், இல்லன்னா சாமி சொல்லியிருக்கணும். முனியனப் பாத்தா டாக்டரப் பாத்தவரு மாதிரித் தெரியல."

முனியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெறுங்காலு. கையில மந்தாரை இலைக் கறை, பையில இலை தைக்கிற ஈர்க்கு. நாலஞ்சு இலைக்கு இவ்ளோ கறை ஒட்டாது. பெரிய பந்தி. மேல எங்கியோ இன்னிக்குச் சாமிக்குப் படையல். படையல் போட்றவரு பேரு ரங்கசாமி."

அவர் போட்ட திட்டமும் அவளுக்குப் புரிந்திருந்தது. வேலூரில் விடிவதற்கு முன் தொப்பியை முனியனுக்கு மாட்டி வேனில் அனுப்பிவிட்டு, அவர் கணியம்பாடி, அமிர்தி வழியாக வாடகைக் காரில் மலை ஏறியிருப்பார். படையலை முடித்துக்கொண்டு இந்தப் பக்கமாக இறங்கினால் போளூர் ஓட்டலில் சாப்பாட்டு நேரத்துக்கு வேனைப் பிடித்துவிடலாம். முனியன் கை கழுவப் போவான், அவர் கை கழுவிவிட்டு வருவார். தொப்பி அதேதான், கணக்கும் ஆறுதான். சுரேஷ் ஆயுசு முழுக்க எண்ணினாலும் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

"அப்ப ஏன் வரல?" என்றார் மணிவேல்.

"அதத்தான் போய்ப் பாக்கணும்."

போனில் சிக்னல் எப்போதோ செத்துவிட்டது. வளைவுகள் முடிந்து சாமைக் காடுகளும் புளியமரங்களும் வந்தன. சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தேவயானி இடது பக்கம் போகச் சொன்னாள். முனியன் நெளிந்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னும் நெளிந்தான். காலையிலிருந்து பட்டினி, எங்கேயோ அவனுக்காக ஓர் இலை காத்திருந்தது, அவனோ அதைவிட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தான். கடைசியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான்.

"எடத்தச் சொல்லக் கூடாதுன்னுதாங்க பெரியவரு சொன்னாரு" என்றான். "நடக்கக் கூடாதுன்னு சொல்லல."

விறுவிறுவென்று வந்த வழியே திரும்பி நடந்தான். மணிவேல் காரைத் திருப்பி அவன் பின்னாலேயே நடை வேகத்தில் ஓட்டினார். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வரும் ஜெனரேட்டர் வண்டி போல இருக்கிறோம் என்று அலுத்துக்கொண்டார். முனியன் பிரிவுக்கு வந்து மற்றச் சாலையில் இறங்கினான். அங்கே தேவயானி நிறுத்தச் சொல்லி, முனியன் விட்டுப்போன நீலத் தொப்பியை மைல்கல்லின் தலையில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்மகிட்ட இருந்தது ஒரே ஒரு தடயம். அதையும் கல்லுக்குக் குடுத்துட்டீங்க."

"கல்லுக்கு வெயில் அடிக்குது இல்ல" என்றாள் அவள்.

*

ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய புங்கமரத்தடியில் வேடியப்பன் நின்றார். இடுப்பளவு உயரக் கல். அதில் ஒரு வீரன், ஒரு கையில் வில், இன்னொரு கையில் கத்தி. ஓரத்தில் யாரும் படிக்காத பழைய எழுத்து. முகத்தில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக மின்னின.

கல்லுக்கு எதிரே ஈர வேட்டியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இரண்டு அண்டா. சுற்றிலும் தைத்த இலைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. சாப்பிட்டு முடித்த ஏழெட்டுப் பேர் மரத்தில் சாய்ந்து, அசைய முடியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனியனோடு தேவயானியைக் கண்டதும் ரங்கசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்திருக்கவில்லை. தப்புதான் என்றார். கப்பல் எப்போது என்று தெரியும் என்றார். ஆனால் கிளம்ப முடியாது.

காரணத்தைப் பூசாரி சொன்னார். முனியனின் அண்ணன் அவர். ஊரே வந்து சாப்பிடும் என்று கிடா வெட்டிப் பொங்கலும் வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான், பக்கத்து ஊரில் பங்காளி ஒருவர் விடியற்காலையே இறந்துபோன செய்தி வந்தது. தீட்டு வந்த வீட்டுக்காரர்கள் யாரும் படையல் சோறு தொடக் கூடாது. ஊரில் முக்கால்வாசி அந்தப் பங்காளிகள்தான். வேடியப்பனுக்குப் படைத்தது ஓடையைத் தாண்டக் கூடாது, மிஞ்சவும் கூடாது. கடைசி வாய் முடிகிற வரைக்கும் நேர்ந்துகொண்டவர் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

மணிவேலுக்கு அப்போதுதான் காலையில் கிடைக்காத பூ ஞாபகம் வந்தது. தேவயானியைப் பார்த்தார். அவள் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மணிவேல் பெரியவரைக் கேட்டார்.

"அவளுக்காக நேந்துனது தம்பி" என்றார் ரங்கசாமி. "போன வருஷம் அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன். யாருக்காக நேந்தமோ அவங்ககிட்ட அது முடியறவரைக்கும் அதப் பத்திப் பேசக் கூடாது. எங்க வழக்கம் அது. கப்பல்ல போலாம்னு அவதான் ஆசப்பட்டா. சென்னையில நிக்குதுன்னதும், வேலூர் வேன்னு ஒண்ணு இருக்குன்னதும், வேடியப்பனே வழி காட்றான்னு நெனச்சேன். இப்ப பாரு. அவ அங்க என்னக் காணாம அழுதுனு இருப்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பல் போனால் போகட்டும், அந்த நதியாப் பொண்ணின் பிழைப்புப் போகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹாரன் கேட்டது.

வேன். மைல்கல்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுரேஷ் முதலில் இறங்கினான். பின்னால் நதியா, பின்னால் நீலத் தொப்பிகள் ஒவ்வொன்றாக. எல்லார் முகத்திலும் பசி. பிரியாணியைக் கண்ணில் காட்டிவிட்டுப் பிடுங்கிய பசி.

மணிவேல் தேவயானியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "அதுக்குத்தானா?"

"இவ்ளோ பக்காவாத் திட்டம் போட்டவரு நேரத்துக்கு வரலன்னா, விட்டுட்டு வர முடியாத எதுலயோ மாட்டினு இருக்காருன்னு அர்த்தம். படையல்ல அப்படி ஒண்ணுதான் இருக்கு, மீந்த சோறு. மலையில பெரிய சாவுன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. ஓட்டல்ல பத்து வயிறு இருந்துச்சு அண்ணே. அத ஏன் வீணாக்கணும்?"

*

முன்னால் வந்தவள் ஜெயம்மாள். ரங்கசாமி எழப் பார்த்து, எழக் கூடாது என்று ஞாபகம் வந்து, பாதியில் அப்படியே நின்றார். அவள் எதுவும் கேட்கவில்லை. இங்கே என்ன என்று கேட்கவில்லை, யார் சாமி என்று கேட்கவில்லை. ஓர் இலையைத் தானே எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, போடுங்க என்பது போல் இலையைத் தட்டினாள்.

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கறி தொடாத இருவர் பொங்கல் அண்டாவைப் பொறுப்பேற்றார்கள். முனியன் தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை. சுரேஷ் நேரமாகிறது நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை கறி வாங்கினான். மும்பைக்காரர் ஒருவர் கல்லைச் சுற்றி வந்து, இது எத்தனை பழசு என்று நதியாவைக் கேட்டார். அவள் தெரியவில்லை என்று சொல்வதற்குள் மணிவேல் வாயில் எலும்போடு பதில் சொன்னார்: நேற்று பார்த்த கோட்டை சின்னப் பையனாக இருந்தபோதே இவர் அதைப் பார்த்திருப்பார்.

மணிவேலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போளூரில் விட்ட பிரியாணிக்கு அவர் அந்த மரத்தடியில் பழி வாங்கினார். எல்லாரும் கையை மடக்கிய பிறகும் அண்டாவின் அடியில் இரண்டு கரண்டி இருந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நதியா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிவேலின் இலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவர் இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார்.

"ரெண்டு பேருக்குத்தான் எடம் இருக்கு, ஏத்துங்க" என்றார்.

கடைசி வாய் போனது. பூசாரி அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார். ரங்கசாமியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, முடிஞ்சுதுங்க, எழுந்திருங்க என்றார்.

அவர் எழுந்து மனைவியின் பக்கம் திரும்பினார். ஜெயம்மாள் அதுவரை பொறுமையாக இலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியான மாத்திரையப் போட்டீங்களா?" என்றாள்.

"இன்னா?"

"ராத்திரியே உங்க சட்டப் பாக்கெட்ல வச்சேனே. கறி சாப்புடப் போறவரு மாத்திர இல்லாமப் போனா நான் இன்னா பண்றது?"

ரங்கசாமி மரக்கிளையில் தொங்கிய சட்டையை எடுத்துப் பையைத் தடவினார். சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"ஸ்ட்ரெச்சர்ல கண்ண மூடினுதான் இருந்தேன். தூங்கல" என்றாள் அவள். "எவ்ளோ சத்தமா வேண்டினீங்க. வேடியப்பனுக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா?"

"ஒரு வருஷமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியக் கூடாதுன்னு யாருங்க சொன்னது? பேசக் கூடாதுன்னுதானே. நான் பேசல."

ரங்கசாமி பொட்டலத்தைப் பிரித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். தண்ணீர்ச் செம்பை அவள் பிடித்தாள். மற்றவர்கள் அவசரமாக மரத்தையும் கல்லையும் பார்த்தார்கள்.

வேன் கிளம்பிப் போன பிறகு மணிவேல் காரில் சாய்ந்து நின்று கேட்டார், ஓட்டலிலேயே மாத்திரை டப்பாவைப் பார்த்துத் தெரிந்துவிட்டதல்லவா, அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முனியன் பின்னால் இப்படி ஊர்ந்திருக்க வேண்டாமே என்று.

"கேட்டிருந்தா அந்தம்மா பேசியிருக்கணும். ஒரு வருஷம் வாயக் கட்டினு இருந்தவங்கள நான் கெடுக்கறதா?" என்றாள் தேவயானி. "ஓட்டுங்கண்ணே. மெதுவா ஓட்டுங்க, வயிறு குலுங்கும்."

*

இரவு எட்டு ஆகச் சற்று முன் நதியாவிடமிருந்து போன் வந்தது. துறைமுக வாசலில் நிற்பதாகச் சொன்னாள். ஆறு பேரும் உள்ளே போய்விட்டார்கள், ஏஜென்ட் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த மும்பைக்காரர் அவரிடம் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கல்லைப் பற்றியே பேசினாராம்.

"தொப்பிய எண்ணினியா?" என்றாள் தேவயானி.

"மூஞ்சிய எண்ணினேங்க்கா. அங்கதான் ஒரு சிக்கல் வந்துச்சு."

காவலுக்கு இருந்தவர் ரங்கசாமியின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாராம், ஆளைப் பார்த்தாராம். முகம் முழுக்க மஞ்சளும் குங்குமமும், பாதித் தூக்கம். சந்தேகப்பட்டுப் பக்கத்தில் இருந்த ஜெயம்மாளைக் கேட்டாராம், இவர் உங்கள் கணவர்தானா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

நதியா சிரித்து முடிக்கிற வரைக்கும் தேவயானி காத்திருந்தாள்.

"முழுசா ஒரு நிமிஷம் திரும்பிப் பாத்தாங்கக்கா. பாத்துட்டு, 'காலையில வந்தவரு இல்ல, இவருதான்'னாங்க."